சிசாருவா மலைக்குத் தம்பியைக் கூட்டிவரப் போன பயணம்

போர் இன்னும் முடியாத ஓர் ஆவணி மாதத்தில் நான் இந்தோனேசியாவுக்குப் போனேன். சுற்றிப் பார்க்க இல்லை. என் தம்பி சுதன் மேற்கு ஜாவாவில் சிசாருவா என்ற மலைப் பிரதேசத்தில் ஒரு வருடமாக இருந்தான். எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள சீனன்குடாச் சோதனைச் சாவடியில் படையினர் அவனைப் பிடித்துச் சில நாள் வைத்திருந்து பிறகு விட்டார்கள். அதன் பிறகு அவன் ஊரில் நிற்கவில்லை. அவுஸ்திரேலியாவுக்குப் படகேற என்று போனவன் நடுவழியில் நின்றுவிட்டான். மூதூர்ப் பக்கம் ஷெல் சத்தம் ஓய்ந்ததும், "அவன் படகில ஏறமுதல் போய்க் கூட்டிக்கொண்டு வா" என்று அம்மா என்னை அனுப்பினார். உப்புவெளியில் எங்கள் வீட்டில் கடவுச்சீட்டு இருந்தது என்னிடம் மட்டும்தான்.

ஜகார்த்தாவிலிருந்து போகோர் நகரத்துக்கு ரயிலில் ஒன்றரை மணித்தியாலம். அங்கிருந்து சிசாருவா ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். அங்கோட் எனப்படும் சிறிய நீல வான்கள் ஓடுகின்றன. தயவுசெய்து சனிக்கிழமை போகாதீர்கள். நான் போனேன். நகரத்து ஆட்கள் குளிர் தேடி மலைக்கு வரும் நாள் என்பதால் பொலிஸ் பாதையை ஒருவழியாக்கி விடுகிறது. கீழே இறங்கும் வாகனங்கள் முடியும்வரை மேலே போக ஏலாது. கடோக் சந்தியில் எங்கள் வான் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றது. கடைசியாகத் தொலைபேசியில் பேசியபோது, படகுக்காரர் வந்து கதைத்ததாகச் சுதன் சொல்லியிருந்தான். நான் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தேன். சாரதி தேநீர் வாங்கித் தந்து, மலை எங்கேயும் போகாது, இருங்கள் என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். என் கவலை மலையைப் பற்றியது அல்ல.

நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை செய்பவள். எங்கே போனாலும் எதற்கு யார் பொறுப்பு என்று பார்ப்பது என் பழக்கம். சிசாருவா, போகோர் மாவட்டத்தின் ஒரு பிரிவு. மாவட்டத் தலைமையகம் கீழே சமவெளியில் இருக்கிறது. பிரிவுக்குப் பொறுப்பானவர் சாமாத், எங்கள் பிரதேச செயலாளர் மாதிரி. அவருக்குக் கீழே கிராமத் தலைவர்கள். அதற்கும் கீழே ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒரு பொறுப்பாளர். அவரை எர்த்தே என்கிறார்கள். தெற்கே இரட்டை எரிமலை, மேலே தேயிலைத் தோட்டம், நடுவில் ஜகார்த்தா வரை ஓடும் சிலிவுங் ஆறு. சுண்டானிய மொழியில் 'சி' என்றால் தண்ணீராம். அதனால்தான் அங்கே பாதி ஊர்ப் பெயர்கள் சி என்று தொடங்குகின்றன.

மாலையில் போய் இறங்கியபோது சுதன் பாதையோரம் நின்றான். அவனைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஒழுங்கையில் ஆட்களைக் கடக்கும்போது, மன்னிக்கவேணும் என்பதுபோல, "புந்தென்" என்றான். அவர்கள் "மங்கா" என்றார்கள். மாங்காய் விற்கிறார்களாக்கும் என்று நினைத்தேன். தாராளமாகப் போங்கள் என்று அர்த்தமாம்.

சுதன் தங்கியிருந்த வீட்டில் இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். என் கை சோற்றுக் கோப்பையிலேயே நின்றது. ஊரில் இருட்டிய பிறகு கதவு தட்டினால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருப்போம். சுதன் யாரென்றுகூடக் கேட்கவில்லை. எழும்பிப் போய்த் திறந்தான்.

வந்தவர் எர்த்தே, அசேப் என்று பெயர். விருந்தாளி வந்தால் ஒரு நாளுக்குள் அவரிடம் சொல்லவேண்டும். என் பெயரைக் கேட்டார். நான் சுதனைப் பார்த்தேன்.

"பயப்பிடாதைங்கோ அக்கா. இந்த ஒழுங்கையில ஆர் நிக்கினம் எண்டு அவருக்குத் தெரியவேணும். அவ்வளவுதான்."

பெயரை எழுதிக்கொண்டு போனவர், கொஞ்ச நேரத்தில் மனைவியிடம் ஒரு போர்வை கொடுத்தனுப்பினார். அன்றிரவு சுதன் புரளாமல் தூங்கினான். நான்தான் விழித்திருந்தேன்.

காலையில் அவனே கேட்டான். "நான் உங்களோட வரட்டோ?"

அதற்காகத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். ஆனால் யாரென்று கேட்காமல் அவன் கதவைத் திறந்தது கண்ணுக்குள் நின்றது. "வேண்டாம், வராதை" என்றேன். "ஆனா படகிலயும் ஏறாதை."

அவன் அகதியாகப் பதிந்திருப்பதாகவும் முடிவு வரும்வரை அங்கேயே இருப்பதாகவும் சொன்னான். எத்தனை வருடம் என்று அவனுக்கும் தெரியாது.

போகிறவர்களுக்கு: கிழமை நாட்களில் போங்கள். ஸ்வெட்டர் கட்டாயம். கடவுச்சீட்டின் பிரதி ஒன்றை எர்த்தேக்கு எடுத்து வையுங்கள். வான் கட்டணம் அன்று ஐயாயிரம் ரூபியா, இப்போது கூடியிருக்கும்.

நான் தனியாக வந்து இறங்கியதைக் கண்டதும் அம்மா என் பையை வாங்கி உள்ளே வைத்தார். மாலையில் குசினிக்குள் வந்து நின்று, "அங்கையிருந்து பார்த்தா கடல் தெரியுமோ?" என்று கேட்டார்.

"இல்லையம்மா. சுத்திவர மலைதான்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அரிசி களையத் தொடங்கினார்.