கை காட்டினால் நிற்கும் பஸ்

எழுதத் துணிந்ததற்குப் படித்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் பத்தாவது வரைதான். நாலு பேர் முன்னால் பேசவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்த அம்மணியைப் பற்றி வேறு யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

தொண்ணூறுகளில் நடந்தது. ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் சமையல் உதவிக்கு இருந்தேன். வீடு செம்மநத்தம் கிராமத்தில். படுக்கையில் கிடந்த அம்மாவுக்கு ராத்திரி நான்தான் துணை. சாயங்கால பஸ்ஸை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை.

அந்தக் கோடை சீசனில் ஏரியைச் சுற்றி வேனும் காரும் நகர முடியாமல் நின்று புகை கக்கின. வண்டிகளையெல்லாம் பஜாருக்கு வெளியே நிறுத்திவிட்டு, ஜனங்களை பஸ்ஸில் ஏரிக்குக் கொண்டுவரலாம் என்று அதிகாரிகளுக்கு யோசனை. நிஜமாகச் செய்யுமுன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கச் சேலத்திலிருந்து இந்த இன்ஜினியர் அம்மணி வந்தார். லாட்ஜ் மாடி அறையில்தான் கம்ப்யூட்டர். எங்கள் கிரைண்டரும் அதுவும் ஒரே கரண்ட் லைன். நாங்கள் மாவு ஆட்டினால் மேலே அது அணைந்துவிடும். அதனால் அம்மணி அடிக்கடி சமையலறைக்கு வந்து, "அக்கா, ஆட்டி முடிச்சாச்சா?" என்று கேட்பார்.

காபி கொண்டுபோகும்போது பார்ப்பேன். கறுப்புத் திரையில் கோடு கோடாக ரோடு. அதில் பச்சைப் புள்ளிகளாக பஸ்கள். வளைவு வந்தால் புள்ளி மெதுவாகும், எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்கும். இன்னும் வராத ஒரு நாளை இப்போதே நடத்திப் பார்க்கிறாரே என்று தட்டோடு நின்றுவிடுவேன்.

ஒருநாள் அதிகாரி வந்திருந்தார். செம்மநத்தம் பஸ் திரையில் காலியாகப் போனது.

"இதை எதுக்கு ஓட்டணும்? எடுத்து ஏரிக்குப் போட்டுடலாம்," என்றார். "நாளைக்கு வந்து முடிவு பண்றேன்."

நான் காலி டம்ளரை எடுத்துக்கொண்டேன். கீழே வந்து வெங்காயம் உரித்தேன். சமையல் மாஸ்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏம்மா, வெங்காயத்துகிட்டச் சொல்லி அழுதா அது பஸ் வுடுமா? மேல போயிச் சொல்லு. மிஷினு கடிச்சா வெக்கும்?" என்றார்.

நான் போகவில்லை. அம்மணிதான் இறங்கி வந்தார்.

"அக்கா, உங்க ஊர் பஸ்ல ஒரு கணக்கு இடிக்குது. பஸ் ஸ்டாண்டுல ஏறுறவங்க கொஞ்சம். செம்மநத்தத்துல இறங்குறவங்க நிறைய. அங்க எண்ணுன ஆள்தான் தப்புப் பண்ணிட்டார்னு விட்டுட்டேன். மனசு கேக்கல. இன்னிக்கு உங்ககூட வரட்டுமா?"

"வாங்க அம்மணி. எங்கூட்லயே தங்கிக்கலாமுங்க."

சாயங்காலம் அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினார். நான் லாட்ஜ் கேட்டிலேயே நின்று கையைக் காட்டினேன். பஸ் நின்றது. அடுத்து எஸ்டேட் கேட்டில் ஒரு கும்பல், சர்ச் இறக்கத்தில் விறகுச் சுமையோடு இரண்டு பேர், அப்புறம் வளைவுக்கு வளைவு கை. அம்மணி கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே, "இங்கெல்லாம் ஸ்டாப்பே இல்லையே!" என்றார்.

அவர் காலை மிதித்துக்கொண்டிருந்த ஒரு பெண், "ஏனுங்க கண்ணு, கை இருக்குற எடமெல்லாம் ஸ்டாப்புதானுங்க," என்றாள். பஸ்ஸே சிரித்தது. அம்மணிதான் அதிகம் சிரித்தார்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் திரும்பி வந்து, சாப்பிடாமல் கூட உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினார். மத்தியானம் அதிகாரி வந்தார். நான் காபி வைத்தேன். திரையில் இப்போது ரோட்டோரம் முழுக்க, கொடியில் மிளகு பிடித்த மாதிரி ஆட்கள். பஸ் பாதி வழி வந்திருக்கும், திரை அணைந்துவிட்டது. கீழே கிரைண்டர் ஓடும் சத்தம்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். நான் மாடிப்படியில் நின்று, "மாஸ்டர்! நிறுத்துங்க!" என்று கத்தினேன். அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. "ஐயா, கொஞ்சம் இருங்கய்யா. அது வந்துருமுங்க," என்று அவரிடமும் சொல்லிவிட்டேன். அவர் உட்கார்ந்தார்.

கம்ப்யூட்டர் மெல்ல உயிர் பெற்றது. அம்மணி மறுபடி முதலிலிருந்து ஓட்ட, பஸ் நிரம்பி வழிந்து செம்மநத்தம் போய்ச் சேர்ந்தது.

"முன்னாடி காலின்னு சொன்னீங்களே?"

"நான் தப்பான இடத்துல எண்ணிட்டேன் சார்," என்றார் அம்மணி, தலை குனியாமல். பெரிய படிப்புப் படித்தவர் அத்தனை லேசாக அதைச் சொன்னதை இன்றுவரை நான் வேறு யாரிடமும் பார்க்கவில்லை. அதோடு விடாமல், மத்தியானத்தில் ஸ்டாண்டில் சும்மா நிற்கும் சேலம் பஸ் ஒன்றைத் திரையிலேயே எடுத்து ஏரியைச் சுற்ற விட்டுக் காட்டினார். ரயில் பெட்டி மாதிரி கோத்து நின்ற கார் வரிசை கரைந்தது.

"சரி. செம்மநத்தம் வண்டி அப்படியே இருக்கட்டும்," என்றார் அதிகாரி.

மறுநாள் கம்ப்யூட்டரை ஜீப்பில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். மாஸ்டர் மாவு ஆட்டினார். சாயங்காலம் பஸ் கொஞ்சம் தாமதமாக வந்தது. உட்கார இடமில்லை.