தீப்படாத இடம்

நர்சிங் படிக்கும்போது பரிவுக்கென்றே ஒரு கோட்பாடு சொல்லிக்கொடுத்தார்கள். நோயைப் பார்க்காதே, ஆளைப் பார். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள். மனப்பாடம் செய்து நல்ல மார்க்கும் வாங்கினேன். சிவகாசிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் சேர்ந்த பிறகு அந்தப் பாடத்தை நினைத்தாலே எரிச்சல் வந்தது. இங்கே யார் கையைப் பிடிப்பது?

இரண்டாயிரத்துகளின் நடுவில், ஒரு தீபாவளி சீசனில், தாயில்பட்டியிலிருந்து ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். வெடிக்கு மருந்து அடைக்கும்போது தீப்பிடித்துவிட்டது. முகம், கை, மார்பு எல்லாம் வெந்திருந்தன. சம்மணம் போட்டு வேலை பார்த்ததால், தொடைக்கடியில் மடங்கியிருந்த உள்ளங்கால்கள் மட்டும் தப்பியிருந்தன.

தினமும் புண்ணில் ஒட்டிய துணியைப் பிரித்துக் கழுவிக் கட்ட வேண்டும். விட்டால் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்து. அந்த அம்மாவோ வேண்டாம் என்று அலறினார். இன்னொரு நர்ஸ் துணியைப் பிரிக்க, நான் போய் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். வெடுக்கென்று காலை இழுத்தார்.

"என் காலத் தொடாதீக சிஸ்டர். எனக்குப் பாவம் சேரும்."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. இந்த நிலையிலுமா பாவ புண்ணியம்!

"வேற எங்கன தொடட்டும்? நீங்களே சொல்லுங்க. உங்க மக ஆசீர்வாதம் வாங்குறதா நெனச்சுக்கிடுங்க."

கொஞ்சம் யோசித்தார். "அப்பச் சரி."

அன்று முதல் காலை நீட்டிக்கொடுத்தார். கட்டி முடிக்கும்வரை பல்லைக் கடித்துக் கிடப்பார். நான் கையை எடுத்ததும், "நல்லாரு தாயி" என்பார். எனக்கு நிற்கத் தெம்பில்லாத நாட்களில்கூட அதைக் கேட்காமல் நான் அடுத்த கட்டிலுக்குப் போனதில்லை.

அவருக்கு நிஜமாகவே ஒரு மகள் இருந்தாள். அவளும் பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். கிருமி தொற்றும் என்று உறவுக்காரர்களை வார்டுக்குள் விடமாட்டோம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவாள். எவ்வளவோ வைத்தியம் பார்த்தும் அந்த அம்மாவைக் காப்பாற்ற முடியவில்லை. உடலை வெளியே கொண்டுவந்தபோதுதான் மகளால் பக்கத்தில் வர முடிந்தது.

"எங்கம்மா கடைசியா எதுவும் சொன்னாகளா, சிஸ்டர்?"

"உன்னை நல்லாருன்னு சொன்னாங்க."

எனக்குச் சொன்னதுதான். ஆனால் அவளுக்குச் சேர வேண்டியது.

"அம்புட்டு வலியிலயுமா?"

"ஆமாம்மா. தினமும் சொன்னாங்க."