தேயாமல் நின்ற சுருள்

என் அக்கா தரைக்குப் பாலிஷ் போடுகிறவள். அவள் தேய்த்த தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பார்கள். அதனால் வேலையிடத்தில் அவள் பெயர் 'கண்ணாடி'. நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. நிலவியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன்.

புதிதாகக் கட்டும் நூலகத்துக்கு ஒருநாள் அவளுக்குச் சாப்பாடு கொண்டு போனேன். மெஷின் நின்றிருந்தது. மேஸ்திரி கத்திக்கொண்டிருந்தார்.

"பழுதுக் கல்லுன்னா பேத்து எறி. அதை ஏன் பச்சப்புள்ள முகத்தைப் பாக்கற மாதிரி பாத்துட்டிருக்க?"

"வாடி படிச்சவளே. இது என்னன்னு சொல்லு," என்றாள் அக்கா.

சாம்பல்நிறச் சுண்ணாம்புக் கல்லில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சுருள். உள்ளே சின்னச் சின்ன அறைகள்.

"கடல் பிராணியோட ஓடுக்கா. செத்து அடியில விழுந்திருக்கு. சிதையறதுக்குள்ள சேறு மூடிடுச்சு. மேல மேல சேறு படிஞ்சு, அழுந்தி, பாறையாச்சு. ஊறின தண்ணியில இருந்த சுண்ணாம்பு இந்த அறைக்குள்ள இறுகிடுச்சு. கோடிக்கணக்கான வருஷமாச்சு."

"சேறு மூடாததெல்லாம்?"

"மக்கிப் போச்சு. முக்காவாசி அப்படித்தான்."

மெஷினில் முரட்டுத் தேய்ப்புக் கல்லைப் போட்டு ஒரு சுற்றுத் தேய்த்தாகிவிட்டது. அந்தக் கீறல்கள் போக இன்னும் ஆழமாகத் தேய்க்க வேண்டும். தேய்த்தால் சுருளும் கரைந்துவிடும்.

"சாயங்காலம் இன்ஜினியர் வர்றாரு. கீறல் தெரிஞ்சா உன் பேரு கெட்டுடும்மா," என்றார் மேஸ்திரி.

"என் பேருதானே? கெடட்டும்."

மெஷினைத் தள்ளிவிட்டுச் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள். இருப்பதிலேயே நைஸான தேய்ப்புக் கல்லை நனைத்து, கையாலேயே தேய்த்தாள். நாலு இழுப்பு, துடைப்பு, விரலால் தடவல், மறுபடி நாலு இழுப்பு. சாப்பாடு ஆறிப் போனது. சுருள் எப்படி உண்டானது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். எங்கே கையை நிறுத்துவது என்பது அவள் கவலை. அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குள் எழுந்தது பெருமையா, பொறாமையா? இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். மயிரிழைச் சுவர்களோடு ஒவ்வொரு அறையும் துலங்கியது. குறுக்கே ஒரு கீறல் மட்டும் நின்றது.

"இந்த ஒரு கோடு?" என்றார் மேஸ்திரி, குரல் தணிந்து.

"அதை எடுத்தா நடு அறை போயிடும்ணா. விட்டுட்டேன்."

இன்ஜினியர் வந்ததும் அந்தக் கீறல்தான் அவர் கண்ணில் பட்டது. அக்கா வாய் திறப்பதற்குள் மேஸ்திரி முந்திக்கொண்டார்.

"அது இருக்கட்டும் சார். தெரிஞ்சேதான் நாங்க விட்டோம்."

"நாங்களாம்!" என்று என் காதில் முணுமுணுத்துவிட்டு, அக்கா அடுத்த கல்லுக்கு மெஷினை நகர்த்தினாள்.