குப்பத்துக்கு வந்த சர்க்கார் கட்டடம்

"திருவொற்றியூருக்கு அந்தப் பக்கமா? ரவுடிப் பசங்கள்" என்று எங்கள் குப்பத்தைப் பற்றி யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பெயரை எங்களுக்கு எப்படி வாங்கிக் கொடுத்தார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

சுதந்திரம் வந்த புதிது. எங்கள் குப்பத்துப் பள்ளிக்கூடம் ஓர் ஓலைக் கொட்டகை. ஐந்தாம் வகுப்போடு சரி. அண்ணனுக்குப் படிப்பென்றால் உயிர். ஆறாவது இல்லாததால் ஐந்தாவதிலேயே மறு வருஷமும் போய் உட்கார்ந்தான். வாத்தியார் பாவம், விரட்டவில்லை. நைனாவும் மற்றவர்களும் ஆறாம் வகுப்பும் அதற்கொரு கட்டடமும் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார்கள். போன இடத்திலெல்லாம் சர்க்காரிடம் பணமில்லை என்று அதிகாரிகள் கைவிரித்துவிட்டார்கள்.

அப்படியிருக்க, ஒருநாள் கொட்டகைக்குப் பக்கத்து மேட்டில் லாரி லாரியாகச் செங்கல் வந்து இறங்கியது. சர்க்கார் கட்டடம் என்றார்கள். நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அப்புறம் எதற்குச் சந்தேகம்? எங்கள் குப்பத்தில் பொதுக்காரியம் என்றால் வீட்டுக்கு ஓர் ஆள் கூலியில்லாமல் வேலை செய்யவேண்டும். அப்படியே முறை வைத்து எல்லோரும் மண் சுமந்தார்கள். காண்ட்ராக்டர் வாயைத் திறக்கவில்லை. ஓசியில் ஆள் கிடைத்தால் அந்தப் புண்ணியவான் ஏன் திறக்கிறான்? கம்பிக்கதவு வந்தபோதுகூட, சிலேட்டு திருடு போகாமலிருக்க என்று சித்தப்பா விளக்கம் சொன்னார். எங்கள் வீட்டு முறைக்கு அண்ணன்தான் போனான். ஆறாம் வகுப்பையே தலையில் சுமப்பதாக அவனுக்கு நினைப்பு.

சுண்ணாம்பு காய்ந்ததும் சிவப்புத் தலைப்பாகைக்காரர்கள் குடிவந்தார்கள். அது போலீஸ் ஸ்டேஷன்.

பணமில்லையாம்! அத்தனை செங்கல்லுக்கும் கம்பிக்கும் மட்டும் எங்கிருந்து வந்தது?

அதற்குப் பிறகு அண்ணன் கொட்டகைப் பக்கமே போகவில்லை. ரயில் பாதையோரம் வேகனிலிருந்து சிந்தும் கரியைப் பொறுக்கப் போனான். எங்கள் பெண்கள் அடுப்புக்கு வழக்கமாகப் பொறுக்குகிற கரிதான், யாரும் ஏனென்று கேட்டதில்லை. இப்போது ஸ்டேஷன் வந்துவிட்டதே, கேஸ் வேண்டாமா? அரைக் கோணிக் கரியோடு அவனைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள்.

அம்மா கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். நானும் கூடவே போனேன்.

"பள்ளிக்கூடம் போற வயசுல திருட்டு கேக்குதா உம்புள்ளைக்கு?" என்றார் ஏட்டு.

"எங்க கீது பள்ளிக்கூடம், காட்டு சாமி! இப்பவே இட்டுகினு போய் வுட்டுடறேன்" என்றாள் அம்மா.



நான் வழுவழுவென்ற சிமெண்டுத் தரையையும் மின்சார விளக்கையும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பிக்குப் பின்னால் அண்ணன். எப்படியோ உள்ளே இடம் பிடித்துவிட்டானே என்று எனக்குப் பொறாமைகூட. திரும்பும் வழியில், "நானும் அஞ்சாவது முடிச்சா இங்கதானம்மா வருவேன்?" என்று ஆசையாகக் கேட்டேன்.

அம்மா என் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். பிறகு அப்படியே மணலில் உட்கார்ந்து, என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அடிபட்டவள் நான், இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.