பைரவர் இருந்த விரதம்

நாயைப் பத்தின புத்தகம் எங்க கண்ணுல பட்டாலும் வாங்கிடுவேன். படிக்கப் படிக்க எனக்கு ஒரு திமிரும் வந்துடுச்சு. தெருவுல யாராவது நாய்னு வாயைத் தெறந்தா போதும், நடுவுல பூந்து காதை மடக்குனா என்ன அர்த்தம், வாலைத் தூக்குனா என்ன அர்த்தம்னு வகுப்பெடுத்துடுவேன். சிறுவாச்சூர் ஜனங்க பொறுமைசாலிங்க. "சரிங்க டீச்சர்"னு கேட்டுக்கிட்டு, அதே நாயைக் கல்லால அடிச்சுட்டுப் போவாங்க. நான் டீச்சரும் கிடையாது. பெரம்பலூர்ல ஒரு பாலிடெக்னிக்ல லேப் அசிஸ்டென்ட்.

இவ்வளவு படிச்சவகிட்ட சொந்தமா ஒரு நாய் இல்ல. நான் இருந்தது வாடகை மாடி. கீழ வீட்டுக்காரம்மாவும் அவங்க வீட்டுக்காரரும். அவரை நான் ஐயான்னு கூப்பிடுவேன். அந்தம்மாவுக்கு நாய்னா ஆகாது. அப்படியிருந்தும் ஒரு மழை நாள்ல என் ஸ்கூட்டிக்கு அடியில ஒண்டின செவலைக் குட்டியை மேல தூக்கிட்டு வந்துட்டேன். நாலு மாசம் மறைச்சு வெச்சேன். அது குரைக்கக் கத்துக்கிட்ட அன்னைக்கு மாட்டிக்கிட்டேன்.

"மாசக் கடைசிக்குள்ள ஒண்ணு அது போகணும், இல்ல நீ போகணும்"னுட்டாங்க. தனியா இருக்கிற பொம்பளைக்கு வீடு கிடைக்கிறதே பெரும்பாடு. இதுல நாயோட போய் யார் வாசல்ல நிக்கிறது? மூணு நாள் சரியாச் சோறு இறங்கல எனக்கு.

எனக்கு இறங்காதது இருக்கட்டும், நாய்க்கும் இறங்கலைன்னு அப்பத்தான் கவனிச்சேன். அதுவும் எல்லா நாளும் இல்ல. திங்களும் வெள்ளியும் மட்டும். இனி மறைக்க என்ன இருக்குன்னு மாடிக் கதவைத் தெறந்து விட்டுட்டுக் காலையில காலேஜ் போகும்போது வெச்ச சோறு, சாயந்தரம் வந்து பார்த்தா எறும்பு மொய்ச்சுக் கெடக்கும். ராத்திரிக்கு வெச்சாலும் மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கும். மத்த நாள்ல தட்டையே கடிக்கும்.

ஒரு நாள் முழுக்க நாய் சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட காட்டணும்னு படிச்சிருக்கேன். காட்டினேன். டாக்டர் வயித்தை அமுக்கிப் பார்த்துட்டு, "கொழுப்பு ஜாஸ்தியா இருக்கு. ரெண்டு நாள் பட்டினி போடுங்க"ன்னார்.

இதை வீட்டுக்காரம்மாகிட்ட புலம்பினேன். அவங்க கையில இருந்த முறத்தைக் கீழ வெச்சாங்க.

"திங்களும் வெள்ளியுமா?"

"ஆமாங்க."

"கோயில் தெறக்கிற நாளு."

எங்க ஊர் அம்மன் கோயில் வாரத்துல அந்த ரெண்டு நாள்தான் திறந்திருக்கும். எனக்கு அது தோணவே இல்ல. அந்தம்மாவுக்கு ஒரு நொடியில தோணிடுச்சு. ஏன்னா அந்த வீட்டுல ஏற்கனவே ஒருத்தர் திங்களும் வெள்ளியும் விரதம். ஐயாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை ஆபரேஷன் நல்லபடியா முடியணும்னு அந்தம்மா வேண்டிக்கிட்டாங்க, முடிஞ்சுது. ஒரு கண்ணுக்குத் திங்கள், ஒரு கண்ணுக்கு வெள்ளி, ஒரு வருசம் ஐயா பொழுது சாயுற வரைக்கும் பச்சைத் தண்ணியோட இருக்கணும். வேண்டிக்கிட்டது அவங்க, பட்டினி கெடக்கிறது அவரு.

அன்னையிலேர்ந்து என் நாய் பைரவர் ஆயிட்டார். மாசக் கடைசி வந்துச்சு, போச்சு, யாரும் யாரையும் போகச் சொல்லல. "அவங்க எந்திரிச்சாச்சா?"ன்னு கீழருந்து கேப்பாங்க. நாய் நெத்தியில சந்தனம், குங்குமம். எதிர் வீட்டுப் பொண்ணு ப்ளஸ் டூ ஹால் டிக்கெட்டைக் கொண்டாந்து அது காலடியில வெச்சு எடுத்துட்டுப் போச்சு. விரதம் இருக்க இருக்க நாய் உருண்டு திரண்டுக்கிட்டே போனதைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரல. "விரதத்தோட பலன் உடம்புல தெரியுது பாரு"ன்னாங்க அந்தம்மா. ஐயாவும் கொஞ்சம் பூசினாப்லதான் இருந்தார்.

எனக்கு மட்டும் மனசு ஆறல. ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு மாடியிலயே பதுங்கி இருந்தேன். வீட்டுக்காரம்மா மாவிளக்குக்கு அரிசி எடுத்துக்கிட்டுக் கோயிலுக்குப் போன அஞ்சாவது நிமிசம் நாய் படியிறங்கிச்சு. பின்னாலயே போனேன். சந்து தாண்டி, ஹைவே ஓரமா ஒரு புரோட்டா கடை. கடைக்குப் பின்பக்கம், கை கழுவுற தொட்டி கிட்ட, ஒரு பிளாஸ்டிக் சேர். அதுல ஆபரேஷனுக்குக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோட ஐயா. இலையில புரோட்டா, சால்னா, கோழி. எலும்பெல்லாம் என் பைரவர் வாயில.

எனக்கு வயிறு எரிஞ்சது. ஐயா மேல இல்ல, நாய் மேல. முட்டை, பால், புத்தகம் பார்த்து அளந்து அளந்து நான் போட்டதையெல்லாம் விட்டுட்டு, ஒரு எலும்புக்கு இங்க வந்து வாலாட்டிக்கிட்டு நிக்குது.

ஐயா நிமிர்ந்து பார்த்தார். "யாரு? கண்ணு சரியாத் தெரியலையே."

"நான்தாங்க ஐயா."

கொஞ்ச நேரம் மென்னார். "அவதாம்மா வேண்டிக்கிட்டா. நானா வேண்டிக்கிட்டேன்?"

பாவமாப் போச்சு. அவர் நாயைப் பத்திச் சொல்லக் கூடாது, நான் அவரைப் பத்திச் சொல்லக் கூடாதுன்னு அங்கேயே பேசி முடிச்சோம். விசயம் வெளிய வந்தா அவருக்கு மானம் போகும், எனக்கு நாய் போகும்.

ஆடி மாசம் வந்துச்சு. மூணாவது வெள்ளி அன்னைக்கு வீட்டுக்காரம்மா கோயில்ல சிநேகம் ஆன பொம்பளைங்க பத்துப் பன்னண்டு பேரை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க, விரதம் இருக்கிற பைரவரைக் காட்ட. காலையிலேர்ந்தே நாயைக் கட்டிப் போட்டாச்சு. மனைப்பலகையில உக்கார வெச்சு மாலை போட்டாங்க. மாலையில இருந்த ரோஜாவை அது ஒவ்வொண்ணாத் தின்னுச்சு. பசி. அதோட பசி எனக்குத் தெரியுது, சொல்ல முடியல. ஐயா வெத்தலை வாங்கிட்டு வரேன்னு போய் வந்து, விபூதிப் பட்டையோட ஈஸி சேர்ல கண்ணை மூடி உக்காந்திருந்தார்.

கற்பூரம் காட்டத் தோதா இருக்கட்டும்னு கயித்தை அவுத்தாங்க. நாய் நேரா ஐயாகிட்ட போச்சு. மடியில மோந்துச்சு. அவர், "போ, போ"ன்னு முனகினார். வேட்டி மடிப்புக்குள்ள மூக்கை விட்டு ஒரு இழுப்பு. வாழையிலைப் பொட்டலம் பிரிஞ்சு ஒரு லெக் பீஸ் கூடத்து நடுவுல வந்து விழுந்துச்சு. கற்பூரம் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. பைரவர் எல்லாரும் பார்க்க, மாலையோட, எலும்பு நொறுங்க அதைத் தின்னு முடிச்சார்.

வீட்டுக்காரம்மா ஐயாவைப் பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க.

"உனக்கு இது முன்னமே தெரியுமா?"

எனக்கு நாயும் வீடும்தான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. "தெரியாதுங்க"ன்னேன்.

ஐயா அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டி என்னை ஒரு தரம் பார்த்தார். ஆபரேஷன் பண்ணின கண்ணு, நல்லாவே தெரிஞ்சிருக்கும். "அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்? நான்தான் நாயைக் கெடுத்தேன்"னார்.

அந்தம்மா கற்பூரத் தட்டைக் கீழ வெச்சாங்க. அப்புறம் சொன்னாங்க: "நாயி இருக்கட்டும். வாயில்லா ஜீவன், அதுக்காக நான் ஒண்ணும் வேண்டிக்கல. உங்களுக்கு இன்னையிலேர்ந்து மறுபடி ஒரு வருசம்."

என் நாய் தப்பிச்சுது. சந்தோசப்பட்டிருக்கணும், முடியல. நாய் காட்டிக் கொடுக்காதுன்னு எத்தனையோ புத்தகத்துல படிச்சிருக்கேன். அன்னைக்கு நாயும் அவரைக் காட்டிக் கொடுத்துச்சு, நானும் கைகழுவிட்டேன். காட்டிக் கொடுக்காம நின்னது அந்த மனுசன் ஒருத்தர்தான். எனக்கு வெக்கமா இருந்துச்சு.

அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்காரம்மா கோயிலுக்குக் கிளம்பும்போது நாயை ஈஸி சேர் காலோட கட்டினாங்க. "இவரு வாயைச் சாயந்தரம் உன்னை மோந்து பார்க்கச் சொல்லுவேன்"னு அதுகிட்ட சொல்லிட்டுப் போனாங்க.

அன்னைக்கும் நான் லீவு போட்டிருந்தேன். அவங்க தெரு திரும்பினதும் கேஸைப் பத்த வெச்சு, ஐயாவுக்கு ஒண்ணு நாய்க்கு ஒண்ணுன்னு ரெண்டு முட்டை அவிச்சேன்.