காலை ஐந்து முதல் ஆறு வரை

விதிமுறைகளை முழுக்கப் படிக்கும் வியாதி எனக்கு உண்டு. கச்சிராயபாளையத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். சாதிச் சான்றிதழ், பட்டா மாறுதல், காலேஜ் அட்மிஷன் என்று நாள் முழுக்க யாருக்காவது எதையாவது நிரப்பிக் கொடுப்பதுதான் பிழைப்பு. கடைசியில் ‘மேற்கண்டவற்றைப் படித்துப் புரிந்துகொண்டேன்’ என்று ஒரு கட்டம் வரும். எல்லோரும் படிக்காமலே டிக் போடச் சொல்வார்கள். நான் படித்துவிட்டுத்தான் போடுவேன். "ரூல்ஸ் அக்கா ஆரம்பிச்சிட்டாங்க" என்று என் காதில் விழும்படியே பேசிக்கொள்வார்கள். பேசிக்கொள்ளட்டும்.

அந்தப் பெண் முதலில் வந்தது ஒரு வெயில் நாளில். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் வந்திருந்தாள். வயது இருபத்திரண்டு. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிறவள். மாநிலத்தில் ஜெயித்து, தேசிய அளவில் ஜெயித்து, ஆசிய நாடுகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் பெரிய போட்டிக்கான உத்தேசப் பட்டியலில் இருந்தாள். போனை என்னிடம் நீட்டி, "இதுல இன்னாவோ நெரப்பணுமாம்க்கா, ஒன்னும் பிரியல" என்றாள்.

ஊக்கமருந்து சோதனைக்கான படிவம் அது. அடுத்த மூன்று மாதத்துக்கு, ஒவ்வொரு நாளும், எந்த ஒரு மணி நேரம் எந்த இடத்தில் இருப்பாள் என்று முன்கூட்டியே எழுத வேண்டும். அந்த மணிக்குள் எந்த நாளில் வேண்டுமானாலும் அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். வந்து சிறுநீர் எடுத்துப் போவார்கள். வரும்போது ஆள் இல்லை என்றால் அது ஒரு தவறு. பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று தவறு சேர்ந்தால் இரண்டு வருஷம் வரை எங்கேயும் ஓட முடியாது. மருந்தே சாப்பிடாவிட்டாலும் அதே தண்டனைதான்.

எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். இப்படி ஒரு படிவத்தை நான் கண்டதே இல்லை. இவள் ஊருக்கு ரோடு கேட்டுப் பல வருஷமாக மனு எழுதித் தந்துகொண்டிருக்கிறேன். ஒரு ஆள் எட்டிப் பார்த்ததில்லை. உலகத்தில் எங்கேயோ இருக்கும் ஒரு அமைப்புக்கு மட்டும், வருகிற மாதம் பதினேழாம் தேதி காலையில் இவள் எங்கே இருப்பாள் என்று தெரிந்தாக வேண்டும்!

அன்று ராத்திரி வரைக்கும் விதிகளைப் படித்தேன். ஒரு பெரிய நாடு தன் ஆட்களின் சிறுநீர் பாட்டில்களை மாற்றிவைத்து மாட்டிக்கொண்ட கதை தெரிந்தது. அந்த நாட்டுப் பிள்ளைகள் ஒலிம்பிக்கில் கொடி இல்லாமல், தேசிய கீதம் இல்லாமல் ஓடியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட திருட்டுத்தனங்களுக்குப் பூட்டுப் போடப்போய், அந்தச் சாவி எங்கள் மலை வரைக்கும் வந்திருக்கிறது. யார் யாரோ வக்கீல் வைத்து வழக்காடி, வரிக்கு வரி செதுக்கிய சட்டம். ஆனால் எழுதியவர்கள் மனதில் ஒரு வீடும், அதில் ஒரு கதவும், கதவில் ஒரு அழைப்பு மணியும்தான் இருந்திருக்க வேண்டும். முகவரிக்கான கட்டத்தில் கதவு எண் கேட்டது. அவள் வீட்டுக்கு எண் கிடையாது. ‘தண்ணீர்த் தொட்டிக்கு மேலே மூன்றாவது வீடு, பலாமரம் உள்ளது’ என்று நான் ஆங்கிலத்தில் எழுதினேன். நேரம், காலை ஐந்து முதல் ஆறு. ஆறு மணிக்கு அவள் மலை ரோட்டில் ஓடப் போய்விடுவாள்.

முதல் தவறு எங்களுடையதுதான். சென்னைக்குப் பயிற்சி முகாமுக்குப் போனவள் என்னிடம் சொன்னாள், நான் படிவத்தில் மாற்ற மறந்தேன். அதிகாரிகள் மலையேறிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அதற்காக நான் என்னையே திட்டிக்கொண்டேன்.

டில்லியிலிருந்து இரண்டாவது கடிதம் வந்தபோது எனக்குக் கோபம் வந்தது. அவள் ஊரில்தான் இருந்தாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதிகாரியின் அறிக்கையில், ‘வீட்டு வாசலில் இருந்த பெண், வீராங்கனை வேலைக்காகத் திருப்பூர் போயிருப்பதாகச் சொன்னார்’ என்று இருந்தது.

"நான் வூட்லதான்க்கா இருந்தேன். சத்தியமா" என்றாள்.

"அப்ப அந்த ஆபீசர் பொய் சொல்றாரா?"

கடிதத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னிடமே மறைக்கிறாள் என்று நினைத்தேன். ஏதாவது காதல் விவகாரமாக இருக்கும் என்று கூட என் புத்தி போனது. மறுப்பு எழுத வழி இருந்தும் எழுதவில்லை. "இனிமே ஜாக்கிரதையா இரு" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லி அனுப்பினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இந்திய அணியில் அவள் பெயர் வந்தது. போட்டிக்கு இரண்டு மாதம் இருந்தபோது மூன்றாவது கடிதமும் வந்தது. பதினான்கு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும், இல்லையென்றால் அணியில் இடமும் போய்விடும், இரண்டு வருஷமும் போய்விடும்.

இந்த முறை அறிக்கை நீளமாக இருந்தது. அந்த அதிகாரி பொறுப்பான மனிதர். ஒரு மணி நேரமும் அங்கேயே நின்று நாலு பேரை விசாரித்திருக்கிறார். வீட்டு வாசலில் இருந்த பெண், திருப்பூர் போய்விட்டாள் என்றார். குழாயடியில் இருந்த பெண், கல்யாணமாகி சேலம் போய்விட்டாள் என்றார். ஆடு ஓட்டிப்போன பெரியவர், அப்படி ஒரு ஆளே இந்த ஊரில் கிடையாது என்றார். டீக்கடைக்காரர், போன மாசம் இறந்துபோய்விட்டதாகக் கேள்விப்பட்டேன் என்றார்.

செத்தே போய்விட்டாளாம்! படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மறுநாள் விடிகாலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பினேன். அதுவரை அவள்தான் கீழே வருவாளே தவிர நான் அந்த ஊருக்குப் போனதில்லை.

குழாயடியில் நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள். என் கையில் பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. அவள் பெயரைச் சொல்லி வீடு எது என்று கேட்டேன். ஒரு பெண் குடத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"அதுங்களா? கல்யாணம் ஆயி சேலத்துக்குப் பூட்ச்சிங்களே."

சொல்லி முடிக்கவில்லை, அவள் பின்னாலேயே இன்னொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு நம்ம ஓட்டக்காரி வந்து நின்றாள். "அக்கா! நீங்க எங்க இங்க?" என்று கத்தினாள். சேலம் என்று சொன்னவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பலாமரத்தடியில் உட்காரவைத்து அவள் அம்மா எல்லாவற்றையும் சொன்னார். வாசலில் நின்று திருப்பூர் என்று சொன்னவர் அவர்தான். மலையில் ஒரு காலத்தில் சாராயம் காய்ச்சினார்கள். ரெய்டுக்கு ஜீப் வரும். யார் வந்து யாரைக் கேட்டாலும் ‘இல்லை’ என்று சொல்வது ஊர்ப் பழக்கம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அத்தனை பேர் செத்த பிறகு ஜீப்புகள் ஜாஸ்தியாகிவிட்டன. பழைய கேஸ் உள்ளவர்கள் எல்லோரையும் தேடி வந்தார்கள். இவள் அப்பா மேல் பழைய கேஸ் ஒன்று உண்டு. காய்ச்சுவதை விட்டுவிட்டு, கீழே கரும்பு வெட்டப் போக ஆரம்பித்து எட்டு வருஷம் ஆகிறது. பழைய கேஸ் என்றால் பழைய கேஸ்தான்.

"வந்தவங்க உங்க பொண்ணைத்தானே கேட்டாங்க? அவரைக் கேக்கலியே?" என்றேன்.

"மொதல்ல பொண்ணு இருக்குதா, புள்ள இருக்குதான்னுதாங்க கேப்பாங்க. இருக்குதுன்னு சொன்னா உள்ள பூந்துக்குவாங்க. கூட ஒரு பொம்பள வேற வந்துச்சு. பொம்பள போலீஸ் இல்லாம வூட்டுக்குள்ள வரமாட்டாங்கல்ல?"

பெண்ணிடம் சிறுநீர் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு பெண் அதிகாரி இருந்தாக வேண்டும் என்பது விதி. அந்த விதியே இவர்கள் கண்ணுக்குப் போலீசாகத் தெரிந்திருக்கிறது. மகள் அந்த நேரம் வீட்டுக்குப் பின்னால் காலை நீட்டி மடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். போலீஸ் வந்துபோனதைச் சொன்னால் பயந்துவிடுவாள் என்று அம்மா மகளிடம் மூச்சுவிடவில்லை. ஊராரும் சொல்லவில்லை. ஆபீசர் யாராவது வந்தாங்களா என்று மகள் கேட்டபோதும் யாரும் வரவில்லை என்றே சாதித்திருக்கிறார்கள். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக எல்லோரும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

நான் கடிதங்களை எடுத்து, அவர்கள் யார், எதற்கு வந்தார்கள் என்று விளக்கினேன். அந்த அம்மாள் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். "எம்பொண்ணு ஓட்டத்த நானே நிறுத்திட்டனா?" என்று கேட்டார்.

நடந்ததை அப்படியே எழுதிவிடலாம் என்றேன். நாலு பேர் நாலு விதமாகச் சொல்லியிருப்பதே, ஊர் பயத்தில் பொய் சொன்னது என்பதற்குச் சாட்சி. ஆள் உண்மையில் வெளியூர் போயிருந்தால் எல்லோரும் ஒரே ஊரைச் சொல்லியிருப்பார்கள்.

"அந்த லெட்டரு டில்லிக்குப் போவுமா?" என்று கேட்டார் அம்மா.

"போகும்."

"அங்கேருந்து இங்க போலீசுக்கு வருமா?"

வராது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் படிக்கும் வியாதி விடவில்லை. ரகசியமாக வைத்திருப்போம் என்று ஒரு விதி சொல்கிறது. தேவைப்பட்டால் காவல்துறையோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று இன்னொரு விதியும் சொல்கிறது. இரண்டையும் சொன்னேன். இந்த ஒரு தடவை படிக்காமல் டிக் போடுகிறவளாக இருந்திருக்கக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது.

"அப்ப வேணாம்ப்பா" என்றாள் மகள், அப்பாவைப் பார்த்து. "ரெண்டு வருசம்தான? நான் ஓடாம இருந்துக்கறேன்."

அதுவரை பலாமரத்தில் சாய்ந்து நின்றிருந்த அவள் அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"எம்பேரைப் போட்டே எழுதுங்க. கேஸு இருந்துச்சு, அதுக்கு பயந்துகினு சொன்னாங்கன்னு எழுதுங்க. சும்மா பூசி மெழுகினா அவன் நம்பமாட்டான்."

எழுதினேன். நான் இதுவரை எழுதிய கடிதங்களிலேயே நல்ல கடிதம் அதுதான். அம்மாவும் குழாயடிப் பெண்ணும் டீக்கடைக்காரரும் கையெழுத்துப் போட்டார்கள். டீக்கடைக்காரர், "செத்துப்போச்சுன்னு நான் சொன்னதைக் கொஞ்சம் கம்மி பண்ணி எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டார். கம்மி பண்ணவில்லை.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. மூன்றாவதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டாவதற்கு உரிய நேரத்தில் விளக்கம் தராததால் அது அப்படியே நிற்கும். அது என்னால் நின்றது. இன்னும் ஒரு தடவை யாராவது ‘இல்லை’ என்று சொன்னால் எல்லாம் முடிந்தது.

அணி புறப்பட எட்டு நாள் இருந்தபோது ஜீப் வந்தது. நடந்ததை அன்று மதியமே அவள் கீழே வந்து என் சென்டரில் உட்கார்ந்து சொன்னாள்.

விடிகாலை ஐந்தேகால் மணிக்கு வாசலில் மூன்று பேர். எல்லாம் புது முகங்கள். அதற்கு முந்தின வாரம்தான் பக்கத்து ஊரில் நிஜ ரெய்டு நடந்து இரண்டு பேரைக் கூட்டிப் போயிருந்தார்கள். இவள் பின்பக்கம் இருந்தாள். அப்பா உள்ளே படுத்திருந்தார். வந்தவர்கள் அடையாள அட்டையைக் காட்டியிருக்கிறார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "உங்க பொண்ணு இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். காலம் காலமாக ரெய்டுக்காரர்கள் கேட்கும் அதே கேள்வி.

அம்மா ரொம்ப நேரம் அவர்கள் முகத்தையே பார்த்தாராம். அப்புறம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்.

"இருக்குதுங்க. பொண்ணும் இருக்குது. அவரும் உள்ளதான் இருக்காரு."

கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். வந்தவர்கள் போலீஸ் என்றே அவருக்கு அப்போது நினைப்பு. ஆனாலும் சொன்னார். உள்ளே அதைக் கேட்ட அப்பா எழுந்து, கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டு, எல்லாப் பட்டனையும் மாட்டிக்கொண்டு வெளியே வந்து நின்றாராம்.

வந்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வணக்கம்ங்க. டெஸ்ட் பாரம் எழுதறதுக்கு உட்காரணும், ஒரு ஸ்டூல் இருக்குமா?" என்று கேட்டிருக்கிறார்.