தேசத்துக்கு மின்சாரம் தந்த சாம்சன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் சாம்சனுக்கு, இந்தியாவின் வருங்கால மின்சாரத்தைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. நிலக்கரியா, அணுவா, சூரியனா, காற்றா, எதைக் கொடுத்தாலும் பேசுவார். எந்தப் பக்கம் பேச வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அவருடைய அப்பாவும் அம்மாவும் சோழவரம் பக்கம் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த வயல்களில் இன்று குடோன்கள் நிற்கின்றன. சாம்சன் சேற்றில் இறங்காமலே ஆலைக்குப் போனார். உருளைகள் கடகடக்கும் இடத்தில் பக்கத்து ஆளைக் கூப்பிடுவதற்கே தொண்டையைத் திறந்தாக வேண்டும். அப்படித் திறந்த தொண்டை பிறகு மூடவே இல்லை. ஓர் ஆயுத பூஜையன்று ஆலையில் பட்டிமன்றம் வைத்தார்கள். பேச வேண்டிய ஒருவர் வரவில்லை. சாம்சனை மேடையில் ஏற்றினார்கள். கைதட்டல் விழுந்தது. அன்றோடு ஆலை ஒரு நல்ல தொழிலாளியை இழந்தது. ஆள் மட்டும் தினமும் வந்துகொண்டிருந்தார்.

இந்தப் பக்கத்து விழாக்களில் மின்சாரம் ஒரு வசதியான தலைப்பு. சாமியையோ சாதியையோ தொடாது, யாருக்கும் கோபம் வராது. எல்லோருக்கும் தெரிந்தது போலவும் இருக்கும், யாருக்கும் தெரியாது. சாம்சனுக்காகவே செய்தது மாதிரி.

லாரிக்காரர்கள் சங்க விழாவில் அவர் நிலக்கரி அணி. "சூரியன்ல கரண்ட் எடுக்கலாம்னு எதிரணி அக்கா சொல்றாங்க. எடுங்க, வேணாங்கல. ராத்திரிக்கு அந்த சூரியன எந்த டப்பாவுல போட்டு மூடி வெச்சிருக்கீங்க?" என்றார். நிலக்கரி ஏற்றிப் பிழைக்கிறவர்கள் விசிலடித்தார்கள்.

மணவாள நகரில் சோலார் தகடு விற்கிறவர் ஒருவர் கடை திறந்தபோது சாம்சன் சூரிய அணி. "பூமிய தோண்டி, கப்பல்ல ஏத்தி, லாரியில அடிச்சு, எரிச்சு, சாம்பல நம்ம மூக்குல விடறாங்க. சூரியன் இன்னா கேக்குது? மொட்டமாடிய மட்டும்தான் கேக்குது." அங்கேயும் விசில்.

ஒரு பொறியியல் கல்லூரி அறிவியல் விழாவில் அணு மின்சாரத்தின் அருமையைச் சொல்லிக் கண்கலங்கினார். யுரேனியம் என்ன நிறம் என்று யாராவது கேட்டிருந்தால் அதற்கும் ஒரு நகைச்சுவை வைத்திருப்பார். யாரும் கேட்கவில்லை. மூன்று ஊரிலும் பேசியது ஒரே வாய் என்று யாருக்காவது உறுத்தியதா என்றால், இல்லை. கேட்க வந்தவர்களுக்குத் தேவைப்பட்டது மின்சாரம் அல்ல, ஒரு சாயங்காலம்.

அவருடைய சொந்தத் தெருவில் அந்தச் சாயங்காலங்கள் மங்கலாகத்தான் இருந்தன. தெருமுனையில் தணிகைவேல் என்பவரின் தண்ணி கேன் கம்பெனி. அந்தக் கோடையில் அவர் புதிதாக இயந்திரங்கள் இறக்கி, தெருவுக்கென்று இருந்த டிரான்ஸ்பார்மரிலேயே சேர்த்துவிட்டார். இருட்டத் தொடங்கினால் பல்பு மஞ்சளாகும். மின்விசிறி, சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துச் சுற்றும். எதிர்வீட்டுச் செண்பகத்தின் பிரிட்ஜ் புகைந்து போனது. சாம்சனின் மனைவி ஜெனிபர் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவர். மோட்டார் வைத்த அவருடைய தையல் மெஷின் முனகிவிட்டு நின்றுவிடும். காலால் மிதிக்கும் பழைய மெஷினை மறுபடி வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு தைத்தார்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். கேட்கத்தான் ஆள் இல்லை. கல்யாணமானாலும் சாவானாலும் தணிகைவேல் தண்ணி கேன் இனாமாக அனுப்புவார். கோயில் திருவிழாவுக்கும் மாதா திருவிழாவுக்கும் அவர் கேன்தான். அந்தத் தண்ணீரைக் குடித்த தொண்டைகளில் அவருக்கு எதிராக ஒரு சொல்லும் எழும்பவில்லை.

பிரிட்ஜ் போன பிறகு செண்பகத்துக்கு எழும்பியது. மின்சார ஆபீசில் மாதம் ஒரு நாள் குறை கேட்கும் கூட்டம் உண்டு. அங்கே போவது என்று தெரு ஒன்றுகூடி முடிவு செய்தது.

"நம்ம தெருவுல வாய் இருக்கிறவன் நீ ஒருத்தன்தான், தம்பி" என்றார் செண்பகம். "ஊரு ஊரா கரண்டப் பத்திப் பேசறியே, இதையும் பேசிடு."

"இதெல்லாம் ஒரு மேட்டராக்கா? விடுங்க என்கிட்ட" என்றார் சாம்சன்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் தணிகைவேல் சாம்சன் வீட்டுக்கு வந்தார். அதுவரை 'இன்னாபா சாம்சன்' என்று வண்டியை நிறுத்தாமலே கேட்டுப் போகிறவர். அன்றைக்குச் செருப்பை வெளியே விட்டார்.

"சாம்சன் சார், ஆடித் திருவிழா பட்டிமன்றத்துக்கு இந்த வருஷம் மெட்ராஸ்லர்ந்து நடுவர் வேணாம்னு கமிட்டியில சொல்லிட்டேன். நம்ம ஊர்லயே சிங்கம் மாதிரி ஆளு இருக்கறப்ப இன்னாத்துக்கு வெளியாளு? நீங்கதான் நடுவரு. 'நாளைய இந்தியாவுக்கு மின்சாரம் எங்கிருந்து?' இதான் தலைப்பு. உங்க போட்டோ போட்டு பேனர் அடிக்கச் சொல்லிட்டேன்."

அணியில் பேசுகிறவன் எத்தனை விசில் வாங்கினாலும் ஓரத்து நாற்காலிதான். நடுவில் கிடக்கும் அந்தப் பெரிய நாற்காலியைச் சாம்சன் எத்தனையோ மேடைகளில் ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறார்.

தணிகைவேல் டிரான்ஸ்பார்மரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. செருப்பை மாட்டும்போதுதான் நினைவு வந்தவர் போல, "நாளைக்கு ஆபீசுக்குப் போறீங்களாமே? போய்ட்டு வாங்க சார். நீங்க பெரிய விஷயம் பேசறவரு. சின்ன விஷயத்துல போய் மாட்டிக்காதீங்க" என்றார்.

மெஷினை மிதித்துக்கொண்டிருந்த ஜெனிபர் கால்களை நிறுத்தினார். "அந்தாளு இன்னாத்துக்கு வந்துட்டுப் போறான்?"

"மரியாதை பண்ணத்தான்."

"நம்ம மூஞ்சிக்கா?"

சாம்சன் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் தெருவிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஐந்தாறு பேர் போனார்கள். சின்ன அறை. ஒரு பொறியாளர், பக்கத்தில் ஒரு எழுத்தர். மீட்டர் ஓடுகிறது, மீட்டர் ஓடவில்லை என்ற புகார்களைக் காலையிலிருந்து கேட்டுப் பொறியாளரின் முகம் வாடிப் போயிருந்தது. இவர்களுக்கு முன்னால் ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் காத்திருந்தார். அவர் பேச எழுவதற்குள் சாம்சன் எழுந்துவிட்டார்.

"மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களே! இந்த நாடு இன்று ஒரு முச்சந்தியில் நிற்கிறது."

பொறியாளர் நிமிர்ந்தார். சாம்சன் தொடர்ந்தார். நிலக்கரி தீர்ந்துவிட்டால் நம் பிள்ளைகள் எதை எரிப்பார்கள் என்று கேட்டார். சூரியன் இறைவன் ஏற்றிய விளக்கு என்றார். அணுவுக்குள் உறங்கும் ஆற்றலை இரு கைகளாலும் விரித்துக் காட்டினார். தெரு வரும், தெரு வரும் என்று செண்பகம் காத்திருந்தார். அது வருகிற வழியாக இல்லை.

பொறியாளருக்கோ முகத்தில் ரத்தம் ஏறிவிட்டது. "நல்லா சொன்னீங்க சார். ஆனா ராப்பகலா ஒரே சீரா கரண்ட் வேணும்னா அணுவ விட்டா வேற கதியில்ல. அத இங்க யாரும் புரிஞ்சிக்க மாட்டேங்கறாங்க."

"எங்க மாமனார் ஊட்டுல சோலார் போட்டுக்கினாரு சார், பில்லே வர்றதில்ல" என்றார் எழுத்தர்.

"மழை நாள்ல உங்க மாமனாரு இன்னா பண்ணுவாரு?"

"அதுக்கு பேட்டரி சார்."

"அந்த பேட்டரி பழசானா எங்க கொட்டுவீங்க?"

"உங்க அணுக் கழிவ எங்க கொட்டுவீங்க சார்?"

"நைனா, எங்க ஊர்ல கம்பம் சாஞ்சிக்கினு இருக்குது" என்றார் ஊத்துக்கோட்டைப் பெரியவர். யார் காதிலும் விழவில்லை. நாட்டுக்கு மின்சாரம் தேடும் அவசரத்தில் அவர்கள் இருந்தார்கள். டீ வந்தது. சாம்சனுக்கு முதல் டம்ளர்.

ஜெனிபர் எழுந்தார். "சார், நாடு நல்லாயிருக்கட்டும். எங்க தெருவ கொஞ்சம் கேளுங்க."

"ஜெனி, உக்காரு" என்றார் சாம்சன்.

"நீ உக்காரு."

ஜெனிபர் பொறியாளர் பக்கம் திரும்பினார். "தண்ணி கேன் கம்பெனிக்காரரு எங்க தெரு டிரான்ஸ்பார்மர்லயே மெஷினு மெஷினா சொருகிக்கினு கீறாரு சார். பல்பு எரியுதா இல்லியான்னு கிட்டப் போய்தான் பாக்கணும். இந்தக்காவோட பிரிட்ஜு போச்சு. என் பொழப்பு நின்னுபோச்சு. அணுவோ நிலக்கரியோ, நீங்க எத வேணா வெச்சு அனுப்புங்க. எங்க ஊட்டுக்கு வர்றதுக்குள்ள அந்தாளு உறிஞ்சிக்கிறாரு. ஒரு நாளு சாயங்காலம் வந்து பாருங்க." பிறகு பெரியவரைக் காட்டி, "இவரு கம்பம் சாயுதுன்னு எம்மா நேரமா சொல்லிக்கினு கீறாரு, அதையும் எழுதிக்குங்க" என்றார்.

பொறியாளர் டம்ளரைக் கீழே வைத்தார். காதோரம் சிவந்திருந்தது. "இத முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றவர் சாம்சன் பக்கம் திரும்பி, "அப்ப சார் யாரு?" என்று கேட்டார்.

"எங்க ஊட்டுக்காரரு. எங்க தெருவுக்காகப் பேச வந்தவரு."

செண்பகம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

திரும்பி வந்து வீட்டுக்குள் நுழைந்ததும் சாம்சன் வெடித்தார். "அத்தினி பேரு முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே!"

"நான் எங்க வாங்குனேன்? அத நேத்தே தணிகைவேலு வந்து வாங்கிக்கினு போய்ட்டான்" என்றார் ஜெனிபர்.

மேடையாக இருந்தால் சாம்சன் தண்ணீர் குடிப்பது போல நேரத்தைக் கடத்தியிருப்பார். இங்கே குடிக்க எழுந்தால் அதுவும் தணிகைவேல் கேன்.

ஜெனிபர் கேட்டபடியே பொறியாளர் வந்தார். ஒரு சாயங்காலம் லைன்மேன்களோடு வந்து டிரான்ஸ்பார்மரில் கருவி வைத்துப் பார்த்தார், கம்பெனிக்குள்ளும் போனார். தனி டிரான்ஸ்பார்மர் போடும் வரை புது இயந்திரங்களை ஓட்டக்கூடாது என்று எழுத்தில் கொடுத்தார். அன்றிரவே தெருவில் பல்புகள் வெள்ளையாக எரிந்தன. மோட்டார் வைத்த மெஷின் மறுபடி பாய்ந்து ஓடியது. செண்பகத்தின் பிரிட்ஜ் திரும்பவில்லை, போனது போனதுதான்.

தணிகைவேலுக்குக் கோபம் மண்டையில் ஏறியது. ஆனால் சாம்சன் படம் போட்ட பேனர் ஏற்கெனவே ரயில்வே கேட் வரை கட்டியாகிவிட்டது. அதைக் கழற்றினால் ஏன் என்று ஊர் கேட்கும். அதனால் ஆடித் திருவிழாவில் பட்டிமன்றம் நடந்தது. மேடைக்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர் கருகிய வாசனையோடு உறுமிக்கொண்டிருக்க, மேடையில் மூன்று அணிகள் இந்தியாவுக்கு மின்சாரம் தேடின. சாம்சன் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தணிகைவேல் பொன்னாடையைப் போர்த்தினார், முகத்தைப் பார்க்காமல்.

தெருப் பெண்கள் யாரும் வரவில்லை. செண்பகம் மட்டும் வந்து, கடைசி வரிசையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தார். தீர்ப்புச் சொல்ல எழுந்த சாம்சனின் கண்கள் கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடின. ஜெனிபர் இல்லை. சட்டென்று அடுத்த வார்த்தை மறந்துபோனது. வாயைத் திறந்தபடி நின்றார். சொந்தப் பேச்சு எதுவும் அந்த வாயில் இல்லை என்பது அந்த ஒரு நொடியில் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். அவர் நின்றதைக் கூட்டம் ஒரு ஸ்டைல் என்று எடுத்துக்கொண்டு கைதட்டியது. தட்டிய சத்தத்தில் வார்த்தை திரும்ப வந்துவிட்டது.

"நிலக்கரியும் வேண்டும்! அணுவும் வேண்டும்! சூரியனும் வேண்டும்!" என்று தீர்ப்பளித்தார். யாருக்கும் பாதகமில்லாத தீர்ப்பு. விசில் பறந்தது.

அதன் பிறகு சாம்சன் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் திருந்தவில்லை. மறுவருடம் தணிகைவேல் அவரைக் கழற்றிவிட்டு வேறொருவரை நடுவராக்கினார். சாம்சன் அதற்காக ஒரு வாரம் சாப்பாட்டைத் தொட்டும் தொடாமலும் எழுந்து போனார், தெருவுக்குச் செய்ததற்காக அல்ல. இப்போது பொன்னேரிப் பக்கம் போய் எலெக்ட்ரிக் வண்டியா, பெட்ரோல் வண்டியா என்று பேசிவருகிறார். இரண்டு பக்கமும்.

தெருவில் பியூஸ் போனாலும், குடிநீர் வராவிட்டாலும், சாக்கடை அடைத்தாலும் ஜனங்கள் சாம்சன் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து திறப்பார்.

"அக்கா இருக்காங்களா?" என்று கேட்பார்கள்.